தூணுக்குப் பின்னால் இரண்டு கைகள்

கையைப் பார்த்தே ஒருவன் என்ன வேலை செய்கிறான் என்று சொல்வதில் தன்னை மிஞ்சப் பினாங்கில் ஆள் கிடையாது என்பது ராமசாமியின் எண்ணம். அந்த எண்ணத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அவர் வைத்துக்கொள்ளவில்லை.

எண்ணத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. பட்டர்வொர்த் ஃபெரி நிலையத்தில் சில்லறை மாற்றிக் கொடுக்கும் கவுண்டரில் உட்கார்ந்தே அவருடைய காலம் போனது. கண்ணாடிக்குக் கீழே ஒரு ஓட்டை. நோட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கை உள்ளே வரும், காசை அள்ளிக்கொண்டு வெளியே போகும். முகத்தை நிமிர்ந்து பார்க்க நேரம் ஏது? வரிசை நிற்கும், ஃபெரி ஊதும், பின்னால் நிற்பவன் கத்துவான். அதனால் அவர் கைகளையே பார்த்தார். மீன் வெட்டுகிற கை, சிமெண்டு குழைக்கிற கை, கணினியில் தட்டுகிற கை, மோதிரத்தைக் காட்டுவதற்காகவே நீளுகிற கை. முகம் பொய் சொல்லும், கை சொல்லாது என்பார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு புதன்கிழமைதோறும் ஃபெரி ஏறிக் கடலைத் தாண்டித் தீவிலிருக்கும் ஜார்ஜ்டவுனுக்கு வருவார். அங்கே அவருக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் லோகேஸ்வரன், கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சி சொல்ல வந்தவன் வாயைத் திறக்குமுன்பே அவன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவேன் என்று பெருமை பேசுவார். இன்னொருவர் ஹனீபா, லெபோ பாசார் தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். காலரையும் கால்சட்டை மடிப்பையும் பார்த்துச் சொல்வார். மூன்று பேரும் தெ தாரிக் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு கடைக்கு வருகிறவர்களின் தொழிலைக் கணிப்பார்கள். யூனிஃபார்ம் போட்டவர்கள் ஆட்டத்தில் சேர்த்தி இல்லை. ஒருவர் சொல்ல வேண்டும். இன்னொருவர் எழுந்து போய் அந்த ஆளிடமே மரியாதையாகக் கேட்டுவிட்டு வர வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு அன்றைய தேத்தண்ணி இலவசம். வேலையற்றவர்களின் விளையாட்டுதான், ஆனால் அதில் ஜெயித்துவிட்டு ஃபெரியில் திரும்பும்போது ராமசாமிக்கு நெஞ்சு நிமிர்ந்திருக்கும்.

ஆட்டத்தைவிடவும் அவருக்குப் பிடித்தது மகன் பேச்சு. ஒரே மகன் ஷர்வின், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் என்ஜினியர். பினாங்குத் தீவிலேயே அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து போவான். கூட்டாளிகள் அவனைப் பார்த்ததில்லை. ஆனால் அவன் பெயரைக் காது புளிக்கக் கேட்டிருந்தார்கள். ஷர்வினுக்கு இப்படிப் பதவி, ஷர்வினுக்குக் கீழே இத்தனை பேர், ஷர்வின் இல்லாவிட்டால் அங்கே மெஷின் ஓடாது. இவற்றில் ஷர்வின் சொன்னது பாதி, அப்பா சேர்த்துக்கொண்டது மீதி. அதையெல்லாம் கேட்டுக் கேட்டு லோகேஸ்வரனுக்கே ஆசை வந்துவிட்டது. அவர் தங்கை மகள் காமினிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் புதன்கிழமையும் லோகேஸ்வரன் அதைத்தான் ஆரம்பித்தார்.

“அண்ணே, அடுத்த மாசம் பையனக் கூட்டிக்கிட்டு வாங்க. தங்கச்சி எப்ப எப்பன்னு கேக்குறா. போட்டோ எல்லாம் வேணாம், நேர்லயே பாத்துக்கலாம்.”

“வரச் சொல்றேன் லோகா. அவனுக்கு லீவு கெடைக்கணுமே. ஃபாக்டரில அவன விடமாட்டேங்கிறாங்க லா” என்றார் ராமசாமி. சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது.

அன்று அவர்கள் வழக்கமான கடையில் இல்லை. ஹனீபா ஜெனரல் ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க வேண்டியிருந்ததால், அதற்குப் பக்கத்திலேயே ஒரு பழைய கடைவீட்டில் நடக்கும் சாப்பாட்டுக் கடையில் கூடியிருந்தார்கள். கடையின் நடுவே பருத்த தூண் ஒன்று நின்றது. ராமசாமியின் நாற்காலியிலிருந்து பார்த்தால் அடுத்த மேசையில் இருந்த ஆள் முழுக்கத் தூணுக்குப் பின்னால் மறைந்திருந்தான். தூணுக்கு இந்தப் பக்கம் ஒரு கையும் அந்தப் பக்கம் ஒரு கையும் மட்டும் மேசைமேல் தெரிந்தன.

“ராமு, இது உங்களுக்குன்னே வந்தது” என்று கண்ணைக் காட்டினார் ஹனீபா. அவருக்கு அந்த ஆளின் முதுகும் தொப்பியும் தெரிந்தன. “எனக்குச் சட்டையில ஒண்ணும் சிக்கல. சாதா டீ-ஷர்ட். நீங்க சொல்லுங்க பாப்போம்.”

ராமசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அந்தக் கைகளை அவர் ரசித்துப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

“தண்ணியிலயே கெடக்குற கை பாய் இது. விரல் இடுக்கப் பாருங்க, வெள்ளையா வெந்துபோயி தோலு உரியுது. சவுக்காரம்.”

“அப்போ பிங்கான் தட்டு கழுவுற பையனா இருக்கும்.”

“இல்ல. பிங்கான் கழுவுனா நகத்துல மஞ்ச ஏறியிருக்கும். இவன் நகம் டாக்டர் நகம் மாதிரி இருக்கு. ஆனா உள்ளங்கை ஓரத்துல பாருங்க, கறுப்பா ஒரு கோடு. டயர் கறுப்பு. எந்தச் சவுக்காரத்துக்கும் போவாது. கார் வாஷ்.”

“அடேயப்பா” என்றார் லோகேஸ்வரன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பாராட்டு கிடைத்தால் நிறுத்துகிற பழக்கம் ராமசாமிக்கு இல்லை. குரல் இன்னும் ஒரு படி ஏறியது.

“இன்னும் கேளுங்க. இவன் பழைய ஆளு இல்ல. புதுசு. ரொட்டி சானாயக் கையால பிச்சுத் திங்க முடியல, கரண்டியால குத்திக்கிட்டு இருக்கான். ஏன்? விரல் எல்லாம் வெடிச்சிருக்கு, குழம்பு பட்டா எரியும். அந்தக் கரண்டியப் புடிக்கிறதப் பாருங்க, பேனா புடிக்கிற மாதிரி. இந்தக் கை இதுக்கு முன்னாடி ஒரு துரும்ப எடுத்து அந்தாண்ட போட்டதில்ல. படிச்ச கை.”

“படிச்சவன் ஏன் கார் கழுவுறான்?”

“அப்பன் ஆத்தா கடன ஒடன வாங்கிப் படிக்க வெச்சிருப்பாங்க. தொரை எங்கயாவது வேலையில திருட்டுத்தனம் பண்ணியிருப்பாரு, வெரட்டியிருப்பாங்க. பெத்தவன் மூஞ்சில கரியப் பூசுற கை லா இது!”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மேசைமேல் இருந்த இரண்டு கைகளும் மெல்லப் பின்வாங்கி மேசைக்கு அடியில் போயின.

“பாத்தீங்களா, பாத்தீங்களா! ஒளிக்கிறான்.”

“மெதுவாப் பேசுங்க ராமு” என்றார் ஹனீபா சங்கடத்தோடு. “தமிழ்ப் பையன் மாதிரி இருக்கு.”

“இருக்கட்டுமே. இல்லாததையா சொல்லிட்டேன்?”

லோகேஸ்வரன் ஏற்கெனவே எழுந்துவிட்டார். இந்த மாதிரி கேட்பதற்கு அவரைத்தான் அனுப்புவார்கள். கோர்ட்டில் பழகிய பணிவு. தூணைச் சுற்றிப் போய்க் குனிந்தார்.

“தம்பி, மன்னிச்சுக்குங்க. மூணு கெழவனுங்க, பொழுது போகாம ஒரு பந்தயம் கட்டிட்டோம். நீங்க என்ன வேலை செய்றீங்கன்னு கேக்கலாமா? கோவம்னா சொல்ல வேணாம்.”

பிறகு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அந்தப் பையன் எழுந்து, தூணின் மறைவை விட்டு வெளியே வந்து நின்றான்.

ஷர்வின்.

ராமசாமிக்கு முதலில் தோன்றியது, வேலை நாளில் இவன் இங்கே என்ன செய்கிறான் என்பதுதான். அவ்வளவு மடத்தனமாக மனம் ஓடியது. பிறகு பார்வை தானாகக் கீழே இறங்கியது. பக்கவாட்டில் தொங்கிய அந்தக் கைகள் அவர் இவ்வளவு நேரம் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்ட கைகள். பேனா பிடிக்கப் பழக்கிவிட்டதே அவர்தான். ஊரார் கையெல்லாம் தெரிந்தவருக்குப் பெற்ற பிள்ளையின் கை தெரியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விட மாட்டோமா என்றிருந்தது.

“கார் வாஷ்லதான் அங்கிள் இருக்கேன்” என்றான் ஷர்வின், லோகேஸ்வரனைப் பார்த்து.

“ஆஹா! இதோ இந்த அண்ணன்தான் உங்க கைய மட்டும் பாத்துட்டுச் சொன்னாரு” என்று லோகேஸ்வரன் ராமசாமியைக் காட்டினார்.

ஷர்வின் அப்பாவைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் ராமசாமிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் வெறுமனே காத்திருந்தான். ‘இவன் என் மகன்’ என்று சொல்வதற்கு வேண்டிய நேரத்தைவிட அதிகமாகவே காத்திருந்தான். ராமசாமியின் வாய் திறந்தது. ஆனால் சொல் வரவில்லை, ஒரு சிரிப்புதான் வந்தது. முன்பின் தெரியாதவர்களுக்காக நாம் எல்லாரும் வைத்திருப்போமே, அந்தச் சிரிப்பு.

ஷர்வினுக்குப் புரிந்துவிட்டது.

“கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்” என்றான் மெதுவாக. “எல்லாம் சரியாத்தான் சொன்னாரு. ஒண்ணு மட்டும் தப்பு. நான் எதுவும் திருடல. ஃபாக்டரில ஆள் கொறச்சாங்க, அதுல என் பேரும் இருந்துச்சு.”

கல்லாவில் காசைக் கொடுத்துவிட்டு வெளியே போனான். ரொட்டி பாதி தட்டிலேயே கிடந்தது.

“பாவம்” என்றார் ஹனீபா. “ஹலாலா சம்பாதிச்சுச் சாப்புடுற பையன். நம்ம பேசினது சரியில்ல ராமு. எனக்கே கூச்சமாப் போச்சு.”

“தப்புதான் பாய்” என்றார் லோகேஸ்வரன். “இருந்தாலும் அண்ணன் கண்ணு கண்ணுதான். இன்னிக்கு அண்ணனுக்குத் தேத்தண்ணி ஃப்ரீ.”

ராமசாமி ஜெயித்துவிட்டார். ஜெயித்த தேத்தண்ணியைத் தொடாமல் தள்ளி வைத்தார். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நடந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மனைவி புஷ்பவள்ளி மகனுக்கென்று நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். ஷர்வின் கரண்டி கேட்டான். “பாத்தியாடி, என்ஜினியரு நண்டையும் கரண்டியில சாப்புடுறாரு, வெள்ளக்காரனாயிட்டாரு” என்று ராமசாமி கேலி செய்தார். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். எதிரில் உட்கார்ந்திருந்தும் அந்த விரல்களை அவர் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தது தன் மகன் என்ஜினியர் என்பதை மட்டும்தான்.

“இதோ வந்துடுறேன்” என்று எழுந்தார். கூட்டாளிகள் கழிப்பறைக்கு என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஷர்வின் இன்னும் போயிருக்கவில்லை. கடை வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மோட்டார்சைக்கிள்மேல் உட்கார்ந்திருந்தான். தலையில் ஹெல்மெட் இருந்தது, வண்டியைக் கிளப்பவில்லை. ராமசாமி கிட்டே போனார். போவதற்கு முன் கடைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். அப்படிப் பார்த்ததை ஷர்வினும் கவனித்தான்.

“ஷர்வின்” என்றார், ரகசியம் பேசுகிற குரலில். “ஏன்டா சொல்லல?”

“சொல்லணும்னுதாம்ப்பா ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வரேன். வந்து உக்காந்த உடனே நீங்க ஆரம்பிப்பீங்க. கூட்டாளிங்ககிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னீங்க, அவங்க எப்படி வாயப் பொளந்தாங்கன்னு. அவ்வளோ சந்தோஷமா இருப்பீங்க. அதுக்கப்பறம் எப்படிப்பா சொல்றது?”

ராமசாமியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஹேண்டிலைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார், அதையும் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தார்.

“வேற வேலை...”

“தேடிக்கிட்டுதான் இருக்கேன். ரெண்டு எடத்துல இன்டர்வியூ முடிஞ்சுது. அதுவரைக்கும் சும்மா உக்காந்திருக்க முடியுமா? வாடகை கட்டணும். வீட்டுக்கு வரப்போ வெறுங்கையோட வந்தா அம்மா கண்டுபுடிச்சிடுவாங்க. அவங்ககிட்ட இப்ப சொல்லிடாதீங்கப்பா. நானே சொல்றேன்.”

“நான் அங்க பேசினது... நீன்னு தெரியாதுடா.”

“தெரியும்ப்பா” என்றான். “வேற யாரையாவதா இருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பீங்க, இல்ல?” என்று கேட்டான்.

ராமசாமிக்கு உடம்பு கூசியது. இத்தனை வருஷமாகக் கவுண்டர் ஓட்டைக்குள் நீண்ட கைகளெல்லாம் யாரோ ஒருவர் பெற்ற பிள்ளையின் கைகள்தானே என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அவர் தலையை நிமிர்த்தினார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். உண்மையாகவே முடிவு செய்தார். அந்த ஒரு நிமிஷத்துக்காவது அவரை நம்பலாம்.

“உள்ள வாடா. அவங்க ரெண்டு பேருகிட்டயும் நான் சொல்றேன். வந்து ஒழுங்கா உக்காந்து சாப்புட்டுப் போ.”

ஷர்வினின் முகம் சின்னப் பையனின் முகம்போல மாறிப்போனது. “வேணாம்ப்பா, உங்களுக்குச் சங்கடம்” என்றான். என்றாலும் கை தானாகப் போய் ஹெல்மெட்டின் வாரை அவிழ்த்தது. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். கண் ஓரத்தைத் தோளில் துடைத்தான்.

“என்னண்ணே இங்க நிக்கிறீங்க?”

லோகேஸ்வரன் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். பல்குத்தும் குச்சியை வாயில் வைத்தபடி நெருங்கி வந்தார். “தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்கலாம்னு நானும் வந்தேன். என்ன, தெரிஞ்ச பையனா?”

ராமசாமி சொல்லத்தான் வாயெடுத்தார். அடுத்த மாதம், காமினி, தங்கச்சி எப்ப எப்பன்னு கேக்குறா, ஃபாக்டரில அவன விடமாட்டேங்கிறாங்க, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தொண்டையை அடைத்தன. நாக்கு மட்டும் அடைபடவில்லை.

“சேச்சே. வழி கேட்டான் லோகா.”

சொன்ன பிறகு அதைப் பிடித்து இழுக்க முடியாது. ராமசாமி மகன் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலேயே, மடியிலிருந்து ஹெல்மெட் மேலே போவது தெரிந்தது.

“எங்க போகணுமாம்?”

“ஃபெரி ஜெட்டிக்கு” என்றார் ராமசாமி. பொய் சொல்ல வந்தவருக்கு வேறு இடமே வாயில் வரவில்லை. “பட்டர்வொர்த் போறானாம்.”

லோகேஸ்வரன் நல்ல மனிதர். குனிந்து, “தம்பி, உள்ள நாங்க பேசுனத மனசுல வெச்சுக்காதீங்க. ஜெட்டிக்கு இப்படியே நேராப் போங்க, போர்டு இருக்கும்” என்று கையை நீட்டி வழி காட்டினார்.

ஷர்வின் ஹெல்மெட்டின் வாரை மாட்டப் பார்த்தான். வெடித்த விரல்களுக்கு அது சட்டென்று அகப்படவில்லை. இரண்டு மூன்று தடவை நழுவியது. உதவிக்கு ராமசாமியின் கை கொஞ்சம் எழுந்து, லோகேஸ்வரன் பார்க்கிறார் என்று மறுபடி இறங்கியது. ஷர்வின் ஒரு வழியாக மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

“தேங்க்ஸ் அங்கிள்” என்றான்.

லோகேஸ்வரனைப் பார்த்துச் சொல்லவில்லை. ராமசாமியின் கண்ணைப் பார்த்துச் சொன்னான். பிறகு வண்டியைத் திருப்பி, ஜெட்டிக்கு நேர் எதிர்ப்பக்கம் ஓட்டிப் போனான்.

“அட, என்னண்ணே இது!” லோகேஸ்வரன் பதறினார். “ஜெட்டி இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம் போறானே! பாவம், நம்ம பேசுனதுல மனசு கலங்கிப்போச்சு போல. அதோ சிக்னல்ல நிக்கிறான் பாருங்க. செகப்பு விழுந்திருக்கு. கூப்புடுங்கண்ணே, கூப்புடுங்க!”

ராமசாமி நாலைந்து அடி ஓடினார். சிக்னலில் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. மோட்டார்சைக்கிள்களின் நடுவே அந்த ஹெல்மெட்டும் குறுகிய தோள்களும் தெரிந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். பிறந்த அன்றே காதில் சொன்ன பெயர். பெயர் உதடு வரைக்கும் வந்தது. முதுகுக்குப் பின்னால் லோகேஸ்வரனின் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தப் பெயரை லோகேஸ்வரனுக்கும் நன்றாகத் தெரியும்.

“தம்பி!” என்று கத்தினார் ராமசாமி. “தம்பி! ஓ தம்பி!”

பக்கத்து மோட்டார்சைக்கிளில் இருந்த வேறு யாரோ ஒரு பையன்தான் திரும்பிப் பார்த்தான்.